பேச்சுப் பஞ்சு

திருப்பூரில் கோழிப்பண்ணை வீதி என்று ஒரு வீதி இருந்தது, அதில் கோழியும் கிடையாது பண்ணையும் கிடையாது, இருபத்தேழு வீடுகளும் அவற்றுக்கு நடுவே பதினொரு நிட்டிங் பட்டறைகளும்தான், அந்தப் பட்டறைகளில் பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷின்கள் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ஓயாமல் இரைந்ததால் வீதியில் பேசப்பட்டதில் பாதிப் பேச்சு யார் காதுக்கும் போய்ச் சேராமல் அந்தரத்திலேயே நின்றுபோனது. பஞ்சுத் தூசி எப்படி ஜன்னல் கம்பியிலும் தோசைமாவிலும் ஆட்களின் புருவத்திலும் படிந்ததோ, அப்படியே கேட்கப்படாத பேச்சும் எங்காவது படிந்துதானே ஆக வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை, நினைக்க யாருக்கும் நேரமும் இல்லை.

அந்த வீதியின் பதினான்காம் எண் வீட்டில் வசந்தாமணியும் அவள் கணவர் குழந்தைசாமியும் இருந்தார்கள். வசந்தாமணிக்குத் தொழில் வாசிப்பது. கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்காகப் பாடப்புத்தகங்களை முன்னட்டையிலிருந்து கடைசிப் பயிற்சி வினா வரை வாய்விட்டு வாசித்து, மைக்கில் பதிந்து அனுப்புவாள். குழந்தைசாமிக்குத் தொழில் பனியன் வரைவது. இன்னும் தைக்காத பனியனை, இல்லாத ஓர் ஆளுக்குக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டு, அந்த ஆளை முன்னும் பின்னும் நடக்கவிட்டுக் கடல்தாண்டி இருக்கிற வியாபாரிகளுக்குக் காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஏனென்றால் கதவைச் சாத்தினால் மெஷின் இரைச்சல் அடங்குகிற அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். குழந்தைசாமி பேசுகிறவர் இல்லை. "ம்" என்பதில் நான்கு வகை வைத்திருந்தார்: சரி, வேண்டாம், பசிக்கிறது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக முதல் மூன்றையும் நம்பிவிட்ட வசந்தாமணிக்கு நான்காவது "ம்" உண்மைதானா என்பதில் மட்டும் சந்தேகம் தீரவில்லை.

இல்லாத ஆளை நடக்கவைப்பது கம்ப்யூட்டருக்குப் பெரிய பாடு. அது கொதித்துப்போகும், கொதித்ததும் அதன் ஐந்து ஃபேன்களும் கிரைண்டருக்குள் கரண்டி விழுந்த மாதிரி கத்தும். அந்த வருஷம் பத்தாம் வகுப்பு அறிவியலை வாசித்து அனுப்பியபோது பள்ளியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது, வாசிப்பு மிக நன்றாக இருக்கிறது, ஆனால் தாவரவியலுக்குப் பின்னால் ஒரு விமானம் கிளம்பிக்கொண்டே இருக்கிறது, பாடம் முடிந்தும் அது கிளம்பவில்லை, பிள்ளைகள் அது எப்போது கிளம்பும் என்று காத்திருக்கிறார்கள் என்று. அவள் பதிவு செய்யும்போது அவர் கம்ப்யூட்டரை நிறுத்தினார், அவர் வரையும்போது அவள் புத்தகத்தை மூடினாள், இப்படி இரண்டு வேலையும் பாதியில் நின்றது. பரீட்சைக்கு நான்கு மாதமே இருந்தது. ஒரு திங்கட்கிழமை வசந்தாமணி பையில் ஒரு முழம் பனியன் துணியையும் தன் மைக்கையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கனி பாய் கடைக்குப் போனாள்.

சத்தமே போடாத ஃபேன் வேண்டும் என்று கேட்டாள்.

"அப்படி ஒண்ணு இன்னும் பொறக்கலீங்க அம்மணி," என்றார் கனி பாய். "காதை உறுத்தாத ஃபேன் இருக்குது. அது எதுக்கு முன்னால உக்காந்து எதைத் தள்ளப் போகுதுன்னு மொதல்ல சொல்லுங்க."

கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் மேலே ரேடியேட்டரில் இறக்கும், அந்த ரேடியேட்டரின் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமானவை, முன்பக்கத்தில் காற்று உள்ளே வருகிற வாசலிலோ பஞ்சு புகாமல் ஒரு சல்லடை ஃபில்டர் இருந்தாக வேண்டும், ஆக இரண்டு இடத்திலும் காற்றுக்கு அடைப்பு என்பதை அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். பிறகு ஏழு ஃபேன்களை மேஜையில் வரிசையாக நிறுத்தி ஓடவிட்டார். வெட்டவெளியில் புயலாக வீசிய ஒன்றின் முன்னால் வசந்தாமணி கொண்டுபோன துணியைப் பிடித்தபோது அது திணறி, காற்று முழுவதும் பின்பக்கமே திரும்பி வர, அடைத்த மூக்கால் பேசுகிற ஆளைப் போல முனகியது. அகலமான இதழ்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்திருந்த இன்னொன்று, வெளியில் பெரிதாக ஒன்றும் வீசாதது, துணியைத் தாண்டி அவள் முன்நெற்றி மயிரை நிதானமாக அசைத்தது. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கொடுக்கிற காற்றைப் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே கொடுத்துவிடும் என்றார் பாய்.

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மைக்கை வைத்துக் கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது, பாய் தொழுகைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார், அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று மெதுவாகச் சுற்றும்போது டிக் டிக்கென்றது, ஒன்று குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு வந்தால் மட்டும் "ங்" என்று இழுத்தது. கடைசியில் பதினான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த நெருக்க இதழ் ஃபேனையே ஐந்தாகக் கேட்டு வாங்கினாள், மூன்று ரேடியேட்டருக்கு, இரண்டு ஃபில்டருக்குப் பின்னால். நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல் போகாதபடி கட்டிவைப்பதாகவும், கேபினெட் அதிராமல் நான்கு மூலைக்கும் ரப்பர் வைப்பதாகவும் சொல்லிப் பாய் மறுநாளே வந்து மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் இந்த ஊரில் எந்த ஃபேனும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அறை அப்படி அமைதியானது. குழந்தைசாமி இல்லாத ஆளை நடக்கவிட்டார், பக்கத்திலேயே வசந்தாமணி ஒளிச்சேர்க்கையை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள், மைக்கில் அவள் குரலைத் தவிர வேறு எதுவும் விழவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஃபில்டரைக் கழற்றியபோது அதில் வெள்ளைப் பஞ்சோடு மஞ்சளும் நீலமும் கத்திரிப்பூ நிறமுமாகத் திட்டுத் திட்டாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. மஞ்சளைக் கிள்ளி விரலில் உருட்டினாள். பஞ்சு நாலாவது வீட்டு நாச்சிமுத்துவின் குரலில், "பாப்பாத்தி, செவ்வாக்கெழம மத்தியானம் எங்க அக்காவும் மாமனும் சாப்பிட வாராங்க," என்று சொல்லிவிட்டு வெறும் பஞ்சாகிவிட்டது.

வசந்தாமணிக்கு உடனே நினைவு வந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து வீட்டில் நடந்த சண்டை. விருந்து வருகிறதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பாப்பாத்தியும், பட்டறை வாசலில் நின்று சொன்னேனே என்று நாச்சிமுத்துவும் வீதி முழுக்கக் கத்தியிருந்தார்கள், அன்றிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தமே வேறாக இருந்தது. ஃபில்டரில் அதே மஞ்சளில் இன்னொரு துணுக்கு மிச்சமிருந்தது. அதை ஒரு டம்ளரில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய்ப் பாப்பாத்தியின் காதருகே உருட்டினாள். "காதுல விழுந்துச்சா? செவ்வாக்கெழம, ரெண்டு பேரு," என்றது பஞ்சு. அப்போ மனுசன் சொல்லித்தான் இருக்காரு என்றாள் பாப்பாத்தி, உள்ளே போய் வாணலியில் கூடுதலாக ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

அவ்வளவுதான். பஞ்சு எப்படிப் பேசும் என்று கோழிப்பண்ணை வீதியில் ஒருவரும் கேட்கவில்லை, தன்னுடையது ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்குள் பதினான்காம் எண் வாசலில் ஆட்கள் டம்ளரும் டப்பாவுமாக வந்து நின்றார்கள். கூப்பிடாமலே திரும்பிப் போய்விட்டார் என்று அவர்கள் திட்டிய கூரியர்காரர் மூன்று முறை கூப்பிட்டிருந்தது கிடைத்தது. கீரைக்காரம்மாவின் "கீரேய்" மட்டும் பச்சைப் பஞ்சாக ஒரு படி தேறியது. யாருக்கும் புரியாத பாஷையில் பேசிய சிவப்புப் பஞ்சை ஒடிசாக்காரர்கள் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே சுதர்சன் என்கிற மெஷின் ஆபரேட்டர் அதைக் கேட்டுவிட்டு, இது போன மாதம் போன் துண்டானது தெரியாமல் தன் தங்கச்சியிடம் சொன்ன கல்யாண வாழ்த்து என்று சொல்லி, உடனே ஊருக்குப் போன் போட்டு மறுபடி வாழ்த்தினார்.

பிறகு வழக்குகள் வந்தன. சொன்ன பேச்சு சொன்னவருக்கா, சொல்லப்பட்டவருக்கா? ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் தன் மைத்துனரைப் பற்றிச் சொன்னதை மைத்துனரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், அதனால் ஒரு காதுகுத்தே தள்ளிப்போனது. வீதிச் சங்கம் கூடியது. சங்கத் தலைவரான நாச்சிமுத்து முன்னின்று, பஞ்சு யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறதோ அவருக்கே சேரும், யாரையும் கூப்பிடாத பேச்சு சொன்னவருக்குத் திரும்பும், வசவு மட்டும் யாரிடமும் தராமல் வாளித் தண்ணீரில் கரைக்கப்படும் என்று தீர்மானம் போட்டார். சனிக்கிழமை பத்திலிருந்து பதினொன்றுவரை வசந்தாமணி பஞ்சு தருவாள். வரிசையில் நின்று வாங்க வேண்டும், அடுத்தவர் பஞ்சை உருட்டக் கூடாது. இரண்டு மாதம் இது ரேஷன் கடையை விட ஒழுங்காக நடந்தது. சிலர் தங்கள் பேச்சு மாட்டட்டும் என்றே மெஷின் ஓடும்போது பார்த்துப் பேசினார்கள். நேரில் சொல்ல முடியாத மன்னிப்பை அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

வசந்தாமணி மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு நிறத்தைத் தேடினாள். குழந்தைசாமியின் பேச்சு என்ன நிறம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வீதியில் எல்லாருடைய பேச்சும் அகப்பட்டது, அதே அறையில் ஃபில்டருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுசனிடமிருந்து ஒரு நூலிழைகூட இல்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் கம்ப்யூட்டர் மறுபடி கொதித்தது. எண்ணூறு சுற்றில் நின்ற ஃபேன்களைப் பாய் தளர்த்திவிட வேண்டிவந்தது, அவை ஆயிரத்து இருநூறுக்குப் போயின, மைக்கில் பழையபடி விமானம் எழும்பத் தொடங்கியது. பாய் ரேடியேட்டரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சீப்புப் பல் தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி நைசான பஞ்சு. காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மணி, உரக்கச் சொன்னது ஃபில்டர்ல நிக்குது," என்றார். "முணுமுணுத்தது அதைத் தாண்டி இங்க வந்து உக்காந்திருக்குது."

புளோயர் வைத்து ஊதினால்தான் போகும், ஊதினால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும் என்றார்.

செய்தி பத்து நிமிஷத்தில் வீதி முனையைத் தொட்டது. அதுவரை தன் பேச்சைக் கேட்டு டப்பாவோடு வந்தவர்கள் முகம் மாறினார்கள். மூன்று மாதத்தில் பல்லுக்கிடையில் என்னென்ன முனகினோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள், சிலர் நினைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே விட்டார்கள். சங்கம் அவசரமாகக் கூடியது. ரேடியேட்டரை அப்படியே குழி தோண்டிப் புதைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, மண்ணுக்குள் அது சும்மா இருக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று ஒருவர் கேட்டதும் அது அடிபட்டுப்போனது. முடிவாக, ஞாயிற்றுக்கிழமை பட்டறைகள் அனைத்தையும் பூட்டிவிட்டு வீதியே இரண்டு வேனில் அணைக்குச் சுற்றுலா போவது, திரும்பி வருவதற்குள் பாய் ஊதி முடிப்பது என்று தீர்மானமானது. நாச்சிமுத்துவின் வயதான அம்மாவைக்கூடத் தூக்கி வேனில் வைத்தார்கள்.

வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் குழந்தைசாமி. எங்கேயும் போகப் பிடிக்காத மனுசன். அப்படியென்றால் அவருடைய முணுமுணுப்பும் அந்த ரேடியேட்டரில் இருக்கிறது என்று வசந்தாமணிக்கு அதைப் பார்த்ததும் புரிந்தது. தான் வரவில்லை என்றாள். ஊதும்போது ஃபேன் இதழ் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும், ஒருவர் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பாய் சொன்னதைக் காரணமாகக் காட்டினாள். அது உண்மையும்தான். குழந்தைசாமி ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். "ம்" என்றார். அது நான்கில் எந்த வகையிலும் சேராத "ம்".

பாய் அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாவமென்று இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். கைக்குக் கிடைத்தது கீரைக்காரம்மாவின் பச்சைப் பஞ்சு, அதனால் வேலை முடியும்வரை அவருக்குக் கீரை கீரை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. வசந்தாமணி ஃபேன்களைப் பிடித்துக்கொள்ள, அவர் புளோயரை வைத்தார்.

சாம்பல் மேகம் எழுந்து ஜன்னல் வழியாக ஆளில்லாத வீதியில் இறங்கியது, இறங்கும்போதே பேசியது: ரசம்னு பேரு வெச்சாப் போதுமா என்றது, அவ வாரா தூங்குற மாதிரி கண்ண மூடிக்குவோம் என்றது, இந்தச் சட்டை எனக்கு எடுப்பா இல்லைன்னு எல்லாத்துக்கும் தெரியுது ஒருத்தனாச்சும் சொல்றானா என்றது, சாமி இந்த ஒரு தடவ மட்டும் என்றது, சங்கத் தலைவர் குரலில் எனக்கே ஒண்ணும் புரியல எதுக்கும் தலையாட்டி வெப்போம் என்றது, பாப்பாத்தியின் குரலில் அந்தாளு ஒரு நாள் ஊர்ல இல்லைன்னா வூடே வெறிச்சுன்னு கெடக்குது என்றது, பல் வலியையும் மாமியாரையும் மழை வராததையும் பெயரில்லாத ஒரு பெண்ணின் பின்னலையும் பற்றிப் பேசியது. நடுநடுவே வசந்தாமணியின் குரலே வந்தது, இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சு போயிரும் என்று, ஒரு தரம் அல்ல, நாற்பது ஐம்பது தரம். அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியாக, தகடுகளின் அடி மூலையிலிருந்து, மற்றதைவிட நைசாக ஒரு பஞ்சு புறப்பட்டது. குழந்தைசாமியின் குரல். அவள் விரல் ஃபேனிலேயே இறுகியது. சாப்பாட்டைக் குறை சொல்லப் போகிறது என்று நினைத்தாள், வேறு யாருடைய பெயரையாவது சொல்லப் போகிறது என்றும் நினைத்தாள். பச்சையம் சூரிய ஒளியை ஈர்க்கிறது என்றது அந்தக் குரல். இதயத்துக்கு நான்கு அறைகள் என்றது. அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், சிவப்பாக்கும், சிவப்பாக்கும் என்றது. அவள் வாசித்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த மனுசன் அதே வரியை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தார், முதல் பாடத்திலிருந்து பதினாறாம் பாடம்வரை. அதன் முடிவில், "ஒலி காத்துல நொடிக்கு முந்நூத்தி நாப்பத்தி நாலு மீட்டர். நாப்பத விட்டுட்டா," என்றது.

வசந்தாமணி ஃபேனை விட்டுவிட்டாள். பாய் கையால் சைகை காட்டிக் கத்திய பிறகுதான் மறுபடி பிடித்தாள்.

சாயங்காலம் வேன்கள் திரும்பின. இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பதினான்காம் எண் வீட்டுக்கு வந்தார்கள், ஒருவர் அணைக்கரை மீன் வறுவல் தந்தார், ஒருவர் மாங்காய் தந்தார், இதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட அம்மணி என்றார்கள், எல்லாரும் ஏதாவது காதில் விழுந்ததா என்று சுற்றி வளைத்து விசாரித்தார்கள். ஃபேன் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்று வசந்தாமணி சொன்னாள். அந்த ஃபேன் சத்தமே போடாது என்பது வீதிக்கே தெரியும். ஆனாலும் எல்லாரும் ஆமாமாம் அது பயங்கரச் சத்தம் என்று ஒப்புக்கொண்டு போனார்கள், பாப்பாத்தி மட்டும் அவளை நேராகப் பார்க்காமல் இரண்டு மாங்காய் அதிகம் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வசந்தாமணி பதினாறாம் பாடத்தின் பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். முந்நூற்று நாலு என்றுதான் வாசித்திருந்தாள். நாற்பது இல்லை.

"ஏனுங்க, இந்த நாப்பத எப்பக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

குழந்தைசாமி இல்லாத ஆளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அன்னிக்கே. புத்தகத்த எட்டிப் பாத்தேன்," என்றார்.

"சொல்றதுக்கென்ன?"

"நீ படிச்சிட்டிருந்தே. நான் பேசுனா மைக்குல விழுகுமே."

பக்கத்தில் ஃபேன்கள் எண்ணூறில் நிதானமாகச் சுற்றின. ஆறு வருஷமாக இந்த அறையில் மைக் இருக்கிறது, ஆறு வருஷமாக அவர் அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், அதற்கு முந்தின பதின்மூன்று வருஷத்துக்கு என்ன காரணம் என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை. மைக்கை எடுத்து அவருக்கு முன்னால் வைத்துப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர் என்பதால், முதல் வரியை வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்ட பையனைப் போலத்தான் வாசித்தார், தொண்டையைக் கனைத்தார், வியர்த்தார், மூன்றாவது பத்தியில் சரியானார். ஒலிப் பாடம் முழுவதையும் அவரே முடித்தார். அதை அப்படியே அனுப்பினாள்.

பத்து நாளில் பள்ளியிலிருந்து போன் வந்தது. அந்தப் பாடத்தைப் படித்த ஐயா மிகவும் பயந்து பயந்து படிக்கிறார், பிள்ளைகளுக்கும் அதே பயம்தான் என்பதால் அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அடுத்த வருஷம் வேதியியலை அவரே படிப்பாரா என்று டீச்சர் கேட்டார். வசந்தாமணி போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, படிக்கிறேன், ஆனால் புத்தகம் இப்போதே வேண்டும் என்றார்.

அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார். பட்டறை வாசலில் நின்ற நாச்சிமுத்து வழக்கம்போல எங்க மாப்ள என்று கேட்டுவைத்தார், பதில் எதிர்பார்க்காமல் உள்ளே திரும்பவும் தொடங்கினார்.

"வேதியியல் புக்கு வாங்கப் போறனுங்க மாமா," என்றார் குழந்தைசாமி.

நாச்சிமுத்து அப்படியே நின்றுவிட்டார். குழந்தைசாமியும் நின்றார், எதற்கு வேதியியல் என்று சொல்லத் தொடங்கி, அதற்கு முன்னால் ஒலியைச் சொன்னால்தான் புரியும் என்று அங்கே போய், காற்றில் ஒலி எப்படித் தள்ளித் தள்ளி முன்னேறுகிறது என்பதைக் கையை அசைத்து விளக்கிக்கொண்டே போனார். மெஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற குரலாக இருந்தது அது. பாப்பாத்தி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள், சுதர்சன் வந்தார், ஒன்பதாம் எண் வீட்டுக்காரரும் அவர் மைத்துனரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் நின்றார்கள். வசந்தாமணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குள் நூல் அறுந்து, மெஷின் தானாக நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது. நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார், போகவில்லை.

"அப்பத் தண்ணிக்குள்ள எப்படிங்க மாப்ள?" என்றார்.

"தண்ணிக்குள்ள இன்னும் வேகமுங்க," என்றார் குழந்தைசாமி, "இப்படி நெழல்ல வாங்க, சொல்றன்."